தேனீ பயம் போக: வீட்டு ஈயில் தொடங்கி பெட்டி திறப்பது வரை

தேனீ வளர்க்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பலர் பயத்தை வெளியே சொல்வதில்லை. பெட்டியைத் திறக்கும்போது பத்தடி தள்ளி நின்று போன் பேசுவதுபோல் நடிப்பார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்கானது. பெட்டியெல்லாம் வேண்டாம், ஜூஸ் கடையில் ஒரு தேனீ சுற்றினால் தம்ளரைப் போட்டுவிட்டு ஓடாமல் இருந்தால் போதும் என்பவர்களுக்கும்தான். அவர்கள் 7-ஆம் படியோடு நிறுத்திக்கொண்டு 11, 12-ஐ மட்டும் படித்தால் போதும்.

படிகளை மாற்றிப் போடாதீர்கள். முதல் நாளே பெட்டியைத் திறந்து, முகத்தில் வலையை மாட்டிவிட்டு, “பாருங்க, ஒண்ணும் செய்யாது” என்று காட்டுவதுதான் எங்கும் நடக்கிறது. இப்படித் தொடங்கியவர்களில் அடுத்த வாரம் வராமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

1. ஒவ்வாமையா, பயமா? முதலில் இதைப் பிரியுங்கள்

பயம் போகப் பயிற்சி உண்டு. ஒவ்வாமை பயிற்சியால் போகாது. அதனால் இது முதல் படி.

இதற்கு முன் கொட்டு வாங்கியிருந்தால் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். கொட்டிய இடம் சிவந்து வீங்கி, வலித்து, அரித்து, சில நாளில் வடிந்துவிட்டால் அது சாதாரணம். கையில் கொட்டி முழங்கை வரை வீங்கியிருந்தாலும், வீக்கம் இரண்டாம் நாள் இன்னும் ஏறியிருந்தாலும், அது அந்த இடத்தோடு நின்ற வினைதான். பார்க்கப் பயமாக இருக்கும், அவ்வளவே.

கொட்டிய இடத்துக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் ஏதாவது நடந்ததா என்பதுதான் கேள்வி. உடம்பு முழுக்கத் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்கியது, தொண்டை அடைத்தது, மூச்சு இரைத்தது, வாந்தி, தலைசுற்றி விழுந்தது: இவற்றில் ஒன்று நடந்திருந்தாலும் 7-ஆம் படியும் அதற்கு மேலும் உங்களுக்கு இல்லை. முதலில் ஒவ்வாமை பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். தேனீ நஞ்சுக்கு உடம்பைப் பழக்கும் ஊசி சிகிச்சை உண்டு. வழக்கமாக 3 முதல் 5 ஆண்டு போடுவார்கள்.

ஆஸ்துமா இருப்பவர்கள், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள், கொட்டே வாங்கியதில்லை என்றாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். தீவிர ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஊசி சரியாக வேலை செய்யாதபடி அந்த மாத்திரைகள் தடுக்கலாம்.

2. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

பயந்தவர்களுக்குப் பறக்கும் எல்லாமே ஒன்றுதான். “ரீங்” என்றால் ஓட்டம். ஆனால் நம்மூரில் பறப்பவற்றின் குணம் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம். ஆளைத் தெரிந்துகொள்ளாமல் பயிற்சி தொடங்கினால், ஓட வேண்டிய இடத்தில் நிற்பீர்கள், நிற்க வேண்டிய இடத்தில் ஓடுவீர்கள்.

கொசுத்தேனீ: குமரி மாவட்டத்தில் சிறுதேன் என்பார்கள். கறுப்பாக, கொசு அளவில் இருக்கும். சுவர் விரிசல், மரப்பொந்தில் குடியிருக்கும். இதற்குக் கொட்டும் கொடுக்கே இல்லை. பயிற்சிக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

கொம்புத்தேனீ: செடிக்கொம்பில் உள்ளங்கை அளவுக்கு ஒற்றை அடை கட்டும். சாது. கொம்பை ஆட்டினால் கொட்டும்.

அடுக்குத் தேனீ: பெட்டியில் வளர்க்கும் நம் நாட்டுத் தேனீ. பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டும். பூவில் இருக்கும்போது உங்களைச் சட்டை செய்யாது. கூட்டின் வாசலில் மட்டும் கொஞ்சம் கறார்.

மலைத்தேனீ: பெரியது. பாறை இடுக்கு, தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம், உயரமான கட்டிடம், ஆலமரம் என்று திறந்த வெளியில் முறம்போல ஒற்றை அடை தொங்கும். கூட்டைக் கலைத்தால் கும்பலாக வரும், வெகுதூரம் துரத்தும். இதோடு பயிற்சி கிடையாது.

கடந்தை: கதண்டு, கதம்ப வண்டு என்றும் சொல்வார்கள். கறுத்த உடம்பில் அகலமாக ஒரு மஞ்சள் பட்டை. பனை, தென்னை உச்சியில், புதரில், பூட்டிக்கிடக்கும் வீட்டில் கூடு கட்டும். இதோடும் பயிற்சி கிடையாது. இதற்குப் பயப்படுவது நியாயமான பயம். அதைக் குறைக்க நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

குளவியில் இரண்டு விதம். சுவர் மூலையில் மண் உருட்டி வந்து கூடு கட்டுவது தனியாள். அதற்குக் கூட்டைக் காக்கும் படை கிடையாது, கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய கொட்டுவது அபூர்வம். வீட்டில் அது கூடு கட்டினால் நல்லது நடக்கும் என்று பாட்டிமார்கள் விட்டுவைத்ததில் ஒரு தப்பும் இல்லை. வேலிச்செடியின் இலைக்கடியிலும் ஜன்னல் மேலும் காகிதம் போன்ற கூட்டில் கும்பலாக உட்கார்ந்திருப்பது வேறு. செடியை வெட்டும்போது கை பட்டால் அத்தனையும் பாயும்.

கருவண்டு: முருங்கைப் பூவில் பெரிய சத்தத்தோடு சுற்றுவது, மரத்தில் துளை போடுவது. சத்தத்துக்கும் ஆபத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு நல்ல உதாரணம். ஆணுக்குக் கொடுக்கு கிடையாது. பெண்ணும் பிடித்தால்தான் கொட்டும்.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தால் போதாது. வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, எது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எந்தக் கூட்டையும் தொட வேண்டாம்.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கூட வர ஒரு ஆள் வேண்டும். பயமில்லாதவராக இருந்தால் மட்டும் போதாது, கிண்டல் செய்யாதவராக இருக்க வேண்டும். மச்சினன், கல்லூரி நண்பன் இருவரும் பெரும்பாலும் இந்த வேலைக்கு ஆக மாட்டார்கள். தேனீயைப் பிடித்துச் சட்டைக்குள் போடுவதுபோல் ஒருமுறை பாவனை செய்தாலே பல நாள் உழைப்பு போய்விடும்.

வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் பேண்ட். கறுப்பு நிறமும் ரோமம் போன்ற கம்பளித் துணியும் தேனீயைச் சீண்டும். கூட்டைக் கொள்ளையடிக்க வரும் விலங்குகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். தலைமுடியை இறுகக் கட்டித் துணியால் மூடுங்கள். முடிக்குள் சிக்கிய தேனீ வெளியேற முடியாமல் தவித்துக் கொட்டிவிடும். அன்றைக்கு மல்லிகைப்பூ, சென்ட், வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம்.

பெட்டி அருகே போகும் நாளில் வாழைப்பழம் சாப்பிட வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கொட்டும்போது தேனீ வெளியிடும் அபாய வாசனையில் உள்ள முக்கியப் பொருள்தான் வாழைப்பழ மணத்திலும் இருக்கிறது.

ஒரு நோட்டு, ஒரு பேனா. இது முக்கியம், ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

நேரம்: நல்ல வெயில் உள்ள நாளில் காலை 9 முதல் 11 மணிக்குள். அப்போது பெட்டியின் வயதான, முரட்டுத் தேனீக்களில் பெரும்பகுதி வேலைக்கு வெளியே போயிருக்கும். மேகமூட்டம், மழைக்கு முன், பொழுது சாயும் நேரம் மூன்றும் கூடாது.

காலம்: பூ கிடைக்கும் பருவத்தில் தேனீ சாந்தமாக இருக்கும், பஞ்ச காலத்தில் எரிச்சலாக இருக்கும். குமரிப் பக்கம் ரப்பர் துளிர்விடும் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ரப்பரில் தேன் சுரப்பது பூவில் இல்லை, இலைக்காம்பில். அந்த மாதங்களில் தேனீக்கு உங்களைக் கவனிக்க நேரமே இருக்காது. மழை மாதங்களில் பெட்டிப் பயிற்சியைத் தொடங்காதீர்கள்.

4. பயத்துக்கு மதிப்பெண் போடுங்கள்

நோட்டில் உங்களுக்குப் பயம் தரும் சூழ்நிலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். 0 என்றால் சும்மா இருப்பது. 10 என்றால் கத்திக்கொண்டு ஓடுவது. ஒருவருக்குப் படத்தைப் பார்த்தாலே 4 இருக்கும். இன்னொருவருக்குப் படத்துக்கு 0, சத்தத்துக்கு 7. உங்கள் ஏணி உங்களுக்குத்தான். இங்கே நான் எழுதும் வரிசை பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும், உங்களுக்கு ஒன்றிரண்டு முன்பின் ஆகலாம்.

3 அல்லது 4 உள்ள இடத்தில் தொடங்குங்கள். 1-இல் தொடங்கினால் சலித்துப்போகும், 8-இல் தொடங்கினால் ஓடிவிடுவீர்கள்.

ஒவ்வொரு முறையும் போகும் முன் ஒரு வரி எழுதுங்கள்: “என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்?” வந்த பிறகு இன்னொரு வரி: “என்ன நடந்தது?” பயந்த மனம் நடக்காததை மறந்துவிடும். “கன்னத்தில் கொட்டும்” என்று எழுதிப் போனவர் “என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை” என்று நாலைந்து முறை தன் கையெழுத்திலேயே எழுதும்போதுதான் மனம் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

பயம் உச்சத்தில் இருக்கும்போது கிளம்பாதீர்கள். பயம் ஏறும், கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு தானே இறங்கும். 6-இல் நின்றால் 3 ஆகும்வரை அங்கேயே இருங்கள். 6-இலேயே திரும்பிவிட்டால் “ஓடியதால்தான் தப்பித்தேன்” என்று உடம்பு படித்துக்கொள்ளும். அடுத்த முறை 7-இல் தொடங்கும். பலருக்குப் பயம் வருடக்கணக்கில் வளர்ந்தது இப்படித்தான்.

மாதம் ஒருமுறை செய்வது வீண். தினம் பத்துப் பதினைந்து நிமிடம், முடியாவிட்டால் வாரத்தில் நாலு நாள்.

5. வீட்டு ஈயோடு பயிற்சி

சிரிக்காதீர்கள். தேனீயிடம் கொட்டு வாங்குவதற்கு முக்கியக் காரணம் கை வீசுவது. கை வீசுவது யோசித்துச் செய்வதில்லை, பழக்கம். அந்தப் பழக்கத்தைக் கொட்டாத பூச்சியிடம் மாற்றுவது எளிது.

முழங்கையில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் தடவி, ஈ வரும் இடத்தில் உட்காருங்கள். ஈ உட்காரும், நடக்கும், குறுகுறுக்கும். கையை அசைக்காமல் இருங்கள். கவனித்தால் தெரியும், தோள் இறுகியிருக்கும், மூச்சு நின்றிருக்கும். தோளை இறக்கி, மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள். ஈ தானாகப் போகும்வரை அப்படியே.

வாயால் “உஃப்” என்று ஊதி விரட்டும் பழக்கத்தையும் இங்கேயே நிறுத்துங்கள். மூச்சுக்காற்றில் உள்ள கரியமில வாயு கூட்டருகே தேனீயைக் கோபப்படுத்தும். அதற்கு அது எதிரியின் அடையாளம். தேனீ முகத்தருகே வந்தால் தலையைக் குனிந்து, மூச்சைக் கீழ்நோக்கி விட்டு, மெதுவாக ஒரு பக்கமாக நகர வேண்டும். வீட்டிலேயே இதைப் பழகுங்கள்.

பயத்தைத் தேனீ மோப்பம் பிடிக்கும் என்பதை நம்ப வேண்டாம். பயந்தவர் வேகமாக அசைகிறார், மூச்சைப் பலமாக விடுகிறார். தேனீ கவனிப்பது அதைத்தான்.

6. படம், சத்தம், செத்த தேனீ

படம், வீடியோ இரண்டும் ஓரிரு நாளில் முடிந்துவிடும். தேனீ தாக்கும் வீடியோக்களைப் பார்க்காதீர்கள். பூவில் தேன் எடுப்பதையும், அடையில் நடப்பதையும் பாருங்கள். பிறகு கண்ணை மூடி, ரீங்காரத்தை மட்டும் ஹெட்போனில் கேளுங்கள். சத்தத்துக்கு அதிகம் பயப்படுபவர்கள் இங்கே கூடுதல் நாள் செலவிடலாம்.

செத்த தேனீயைத் தேடுவது கஷ்டமில்லை. பக்கத்தில் மலைத்தேனீ கூடு இருந்தால், ராத்திரி டியூப்லைட்டைத் தேடி வந்து விழுந்து காலையில் ஜன்னலடியில் செத்துக் கிடக்கும். காகிதத்தில் எடுத்து வைத்து லென்ஸில் பாருங்கள். வால்பக்கத்தை மட்டும் விரலால் அழுத்த வேண்டாம். செத்த பிறகும் கொடுக்கு குத்தும், நஞ்சும் இறங்கும். காலையில் வெறுங்காலோடு நடந்து கொட்டு வாங்குபவர்கள் இதனால்தான். அந்த மாதிரி வீட்டில் ராத்திரி உள்விளக்கை அணைத்துவிட்டு வெளிவிளக்கு ஒன்றைப் போட்டால் பூச்சி வெளியே போய்விடும்.

7. பூவில் இருக்கும் தேனீ, பிறகு கரும்புச்சாறு கடை

கூட்டைவிட்டு வெளியே வந்த தேனீக்குக் காக்க எதுவும் இல்லை. வேலைக்காரத் தேனீயின் கொடுக்கில் முள் உண்டு. நம் தோலில் குத்தினால் கொடுக்கும் நஞ்சுப்பையும் பிய்ந்து அங்கேயே தங்கிவிடும், தேனீ செத்துப்போகும். ஒரு துளி தேனுக்காக அது உயிரை விடாது. பூவில் இருக்கும் தேனீ கொட்டுவதென்றால் மிதித்திருக்க வேண்டும், பிடித்திருக்க வேண்டும், அல்லது உடைக்குள் சிக்கியிருக்க வேண்டும்.

துளசிச் செடி நல்லது. தும்பையும் சரி. செடியிலிருந்து ஆறடி தள்ளி நின்று தொடங்குங்கள். மதிப்பெண் இறங்கியதும் ஓரடி நகருங்கள். கடைசியில் செடிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரே ஒரு தேனீயைத் தேர்ந்தெடுத்துக் கண்ணால் பின்தொடருங்கள். ஒரு பூவில் தலையை விடும், எடுக்கும், அடுத்ததற்குத் தாவும். நடுவில் பறந்துகொண்டே கால்களால் உடம்பைத் துடைத்து, மகரந்தத்தைப் பின்கால் உருண்டையில் அப்பும். இரண்டு காலிலும் உருண்டை ஒரே அளவில் இருக்கும். இதைப் பார்க்கத் தொடங்கிய பிறகு மதிப்பெண் கேட்டால் பெரும்பாலானவர்கள் சிறிது யோசித்துத்தான் சொல்வார்கள். அந்த யோசனைதான் நமக்கு வேண்டியது.

இந்தப் படியில் முகவலை, கையுறை எதுவும் போடக் கூடாது. போட்டால் “வலை இருந்ததால்தான் கொட்டவில்லை” என்று மனம் கணக்கை வலைக்கு எழுதிவிடும்.

அடுத்து கரும்புச்சாறு கடை. சக்கைக் குவியலில் தேனீ மொய்க்கும். அங்கே நின்று ஒரு தம்ளர் குடித்துவிட்டு வாருங்கள். பூவைவிட இது கடினம். எத்தனை, எந்தப் பக்கம் என்று தெரியாது, பறந்துகொண்டே இருக்கும். ஒரு எச்சரிக்கை: கண்ணாடித் தம்ளரில் வாங்குங்கள், ஒவ்வொரு மடக்குக்கு முன்னும் உள்ளே பாருங்கள். கேனில், மூடிய கப்பில் ஸ்ட்ரா போட்டுக் குடிக்காதீர்கள். வாய்க்குள் போய்த் தொண்டையில் கொட்டினால், ஒவ்வாமை இல்லாதவருக்கும் வீக்கத்தால் மூச்சு அடைக்கலாம். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

8. கொசுத்தேனீக் கூட்டின் வாசல்

இதுவரை தனித் தேனீ. இனி கூடு. கூடு என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும் என்பவர்களுக்காகத்தான் கொடுக்கில்லாததில் தொடங்குகிறோம்.

வாசலில் பிசின் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயைச் சுற்றிக் காவல் தேனீக்கள் வட்டமாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். முகத்தை ஓரடி தூரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கூட்டைத் திறப்பவர் பக்கத்தில் நின்றால் முடியில் ஒட்டும், காதில் நுழையப் பார்க்கும், லேசாகக் கடிக்கும். எரிச்சல்தான், ஆபத்தில்லை. ஒரு கும்பல் உங்களைச் சூழ்ந்தும் ஒன்றும் ஆகவில்லை என்று உடம்புக்குக் காட்ட இதைவிட மலிவான வழி கிடையாது.

9. அடுக்குத் தேனீப் பெட்டியின் வாசல்

பெட்டி வைத்திருப்பவர் துணையோடு மட்டும். யாரையும் தெரியாது என்றால் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் தேனீ வளர்ப்புப் பயிற்சி நடத்துகிறார்கள். மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, பக்கத்து வீட்டிலேயே பெட்டி இருக்கும்.

பெட்டியின் பக்கவாட்டில் அல்லது பின்னால் நில்லுங்கள். புதியவர்கள் எல்லோரும் வாசலுக்கு நேர் எதிரே போய் நிற்பார்கள், நன்றாகத் தெரியும் என்று. அது தேனீக்களின் பாதை. வேகமாக வருபவை உங்கள் மேல் மோதும், திரும்பும் கூட்டம் தேங்கும், காவல் தேனீ என்னவென்று பார்க்க வரும்.

முதலில் பத்தடி, பிறகு ஆறு, பிறகு மூன்று. மூன்றடியில் ஒரு கல்லைப் போட்டு உட்காருங்கள். மகரந்தத்தோடு வருபவற்றை எண்ணுங்கள். பிற்பகலில் பருத்த, கறுத்த, பெரிய கண்ணுள்ளவை பெரும் இரைச்சலோடு கிளம்பும். அவை ஆண் தேனீக்கள், கொடுக்கில்லாதவை.

ஒரு தேனீ நெற்றியில் “டொக்” என்று மோதிவிட்டு, கூர்மையான சத்தத்தோடு முகத்துக்கு நேராகச் சுற்றினால் அது எச்சரிக்கை. கொட்டவில்லை, சொல்லிப்பார்க்கிறது. குனிந்து, மெதுவாக, மரம் அல்லது செடி இருக்கும் பக்கமாக நகர்ந்து போங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

10. பெட்டி திறக்கும்போது

முகவலை போட வேண்டிய இடம் இது. அனுபவமுள்ளவர்கள் வெறும் முகத்தோடு திறப்பார்கள். அது உங்களுக்கு அளவுகோல் இல்லை. கண்ணில் கொட்டினால் பார்வைக்கே கேடு.

முதல் சில முறை நீங்கள் பார்வையாளர்தான். வாசலில் புகைப்பானால் இரண்டு மூன்று முறை மெல்லப் புகை விட்டு, சற்றுப் பொறுத்துத் திறப்பார்கள். புகை அபாய வாசனையை மறைக்கும். தேனீக்கள் தீ என்று நினைத்துத் தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும். அளவுக்கு மீறிப் புகைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

மூடியை எடுத்ததும் உள்ளேயிருந்து “உஸ்ஸ்” என்று ஒரு சத்தம் அலைபோல வரும். பாம்பு இருக்கிறது என்று பின்னால் குதித்தவர்கள் உண்டு. நம் நாட்டுத் தேனீ தொந்தரவு பட்டால் கூட்டமாக இறக்கையை அசைத்து எழுப்பும் சத்தம் அது. இரண்டு மூன்று நொடியில் அடங்கும். முன்பே சொல்லி வைக்காவிட்டால் இந்த ஒரு நொடியில் எல்லா மதிப்பெண்ணும் 10-க்கு ஏறிவிடும்.

பிறகு அடை கட்டியிருக்கும் மரச்சட்டம் ஒன்றைத் தூக்கிக் காட்டுவார்கள். நாலாவது ஐந்தாவது முறையில் நீங்களே பிடியுங்கள். சட்டத்தின் இரண்டு முனைகளையும் விரல் வைக்கும் முன் பாருங்கள், அங்கே தேனீ இல்லையென்று. விரலடியில் நசுங்கிய ஒரு தேனீ அபாய வாசனையைக் கிளப்பிவிடும். சட்டத்தைப் பெட்டிக்கு நேர் மேலேயே பிடியுங்கள், சாய்க்காதீர்கள், கீழே போடாதீர்கள். பயம் வந்தால் “எடுங்க” என்று சொல்ல வேண்டும், கையை விட்டுவிடக் கூடாது. கூட இருப்பவரிடம் இதை முன்பே பேசி வையுங்கள்.

தேன் எடுக்கும் நாளில் பயிற்சி வேண்டாம். அன்று தேனீக்கள் வீட்டைப் பறிகொடுத்த கோபத்தில் இருக்கும்.

11. கொட்டு விழுந்தால்

இதை முன்பே படித்து வையுங்கள். பயத்தைப் போக்க வேண்டுமென்றே கொட்டு வாங்கும் வீரவிளையாட்டு மட்டும் வேண்டாம்.

முதலில் பெட்டியைவிட்டு விலகுங்கள். கொட்டிய இடத்தில் உள்ள வாசனை அடுத்த தேனீயை அழைக்கும். உடனே கொடுக்கை எடுங்கள். பிய்ந்த நஞ்சுப்பை தானாகத் துடித்து நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் சுரண்டுவதா, கிள்ளி எடுப்பதா என்று வாதம் செய்துகொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எப்படி எடுத்தாலும் சரி, வேகம்தான் முக்கியம். குளவியும் கடந்தையும் கொடுக்கை விட்டுச் செல்லாது, தேடாதீர்கள்.

மோதிரம், வளையல் இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். சுண்ணாம்பு தடவ வேண்டாம், தோல் வெந்துபோகும்.

பிறகு ஒரு மணி நேரம் தனியாக இருக்காதீர்கள். 1-ஆம் படியில் சொன்ன அறிகுறிகள் பெரும்பாலும் இந்த நேரத்துக்குள் வரும். ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். தேவைப்படும் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரை அதற்கு மாற்று இல்லை. சரியாகிவிட்டது என்று உடனே வீட்டுக்குக் கிளம்பவும் கூடாது. சில மணி நேரம் கழித்து இரண்டாம் முறை வரலாம்.

ஒன்றும் ஆகவில்லை, வலி மட்டும்தானா? அப்படியானால் அன்றோ மறுநாளோ அதே படிக்குத் திரும்பிப் போங்கள், கொஞ்சம் தள்ளி நின்றாவது. நோட்டில் எழுதுங்கள். “கொட்டினால் தாங்க மாட்டேன்” என்று எழுதியிருந்த பக்கத்துக்கு எதிரே எழுதுங்கள்.

12. நிற்கக் கூடாத இடம்

இதுவரை “நில்லுங்கள், அசையாதீர்கள்” என்றேன். கும்பலாக வரும்போது அது செல்லாது. ஒன்றிரண்டு சுற்றினால் அசையாதே, பலதும் கொட்டத் தொடங்கினால் ஓடு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் மலைத்தேனீயிடம் மாட்டுகிறார்கள்.

நேர்க்கோட்டில், நிற்காமல் ஓடுங்கள். சட்டையை, துண்டை, சேலை முந்தானையை இழுத்து முகத்தை மூடுங்கள், பாதை தெரியும் அளவுக்கு. கட்டிடத்துக்குள், காருக்குள் நுழைந்து கதவை மூடுங்கள். சில தேனீ கூடவே உள்ளே வந்தாலும் பரவாயில்லை, வெளியே உள்ள நூறைவிட மேல். கிணற்றிலோ குளத்திலோ குதிக்காதீர்கள். தலையைத் தூக்கும்வரை மேலேயே சுற்றும்.

பத்துக் கணக்கில் கொட்டு வாங்கியவரை, நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குழந்தை, வயதானவர் என்றால் அதைவிடக் குறைவாக இருந்தாலும் போங்கள். நஞ்சு தசையையும் ரத்த அணுவையும் சிதைத்து, நாள் கழித்துச் சிறுநீரகத்தைத் தாக்கும். கடந்தை விஷயத்தில் இது இன்னும் முக்கியம். சிறுநீர் கட்டன்சாயா (பால் கலக்காத டீ) நிறத்தில் கறுத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

கடந்தைக் கூட்டைத் தீப்பந்தம் வைத்து எரிக்க நினைக்காதீர்கள், கல் எறியும் பையன்களையும் விடாதீர்கள். தீயணைப்புத் துறையை 101-இல் அழைத்தால் வந்து அகற்றுவார்கள்.

13. படியில் சிக்கிக்கொண்டால், பயம் திரும்பினால்

ஒரே படியில் ஒரு வாரமாகியும் மதிப்பெண் இறங்கவில்லையா? பெரும்பாலும் படி பெரியதாக இருக்கும். நடுவில் ஒன்றைச் சேருங்கள். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளேயிருந்து செடியைப் பார்ப்பது, கூட வருபவர் முன்னால் நிற்க நீங்கள் பின்னால் நிற்பது, இப்படி. இறங்காததற்கு இன்னொரு காரணம் ரகசியமாகத் தப்பிப்பது: கண்ணை மூடிக்கொள்வது, காதில் பாட்டு மாட்டிக்கொள்வது. கூட வருபவர் அதைக் கவனிக்க வேண்டும்.

சில மாதம் தேனீ பக்கமே போகாமல் இருந்தால் கொஞ்சம் பயம் திரும்பும். இரண்டு படி கீழே போய் மறுபடி ஏறுங்கள், முதல் முறையைவிட வேகமாக ஏறுவீர்கள்.

குழந்தைகளுக்கும் இதே வரிசைதான், ஆனால் 8-ஆம் படியோடு நிறுத்துங்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள், அடுத்த அடி எப்போது என்பதை அவர்களே சொல்லட்டும். உங்களுக்கே பயம் என்றால் முதலில் நீங்கள் ஏறுங்கள், குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும்.

தேனீ இருக்குமோ என்று மொட்டை மாடிக்குப் போவதில்லை, ஜன்னல் திறப்பதில்லை, வேலைக்கே போக முடியவில்லை, ஆறு மாதத்துக்கு மேலாக இப்படித்தான் என்றால் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். மனநல மருத்துவரோ உளவியலாளரோ இதே ஏணியை அருகில் இருந்து ஏற்றிவிடுவார். ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ்-யோரான் ஓஸ்ட் உருவாக்கிய முறையில் ஒரே அமர்வில், அதிகபட்சம் மூன்று மணி நேரத்தில் முடிப்பதும் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். போகும்போது நோட்டை எடுத்துப் போங்கள், முதல் நாள் கேட்கும் கேள்விகளில் பாதிக்குப் பதில் அதிலேயே இருக்கும்.